சென்னையில் அரை மராத்தான்: காரைக்குடி பக்கமிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் விடிகாலையில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகவோ நாலைந்து பேராகவோ ஓடிப் பழகியவர்கள். கண்மாய்க்கரை, பைபாஸ் ஓரம், ஆள் நடமாட்டமில்லாத நேர் தெருக்கள். அங்கே 18 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடியவர் சென்னையில் 21 கிலோமீட்டர் அரை மராத்தானில் 14-ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பிப்பது வழக்கமாக நடப்பதுதான். பயிற்சி போதாமல் அப்படி ஆவது குறைவு. ஆயிரக்கணக்கானவர்களோடு ஓடும்போது அந்தக் கூட்டம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரியாமல் போவதுதான் காரணம். அந்த ஒரு நாளை எப்படிக் கையாள்வது என்பதற்கான பதில்கள் இவை. பயிற்சி அட்டவணை இதில் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் போதாதா?

போதாது. பிப், அதாவது உங்கள் எண் அட்டை, முந்தைய இரண்டு மூன்று நாட்கள் நடக்கும் எக்ஸ்போ என்ற ஓட்டக் கண்காட்சியில்தான் தரப்படும். ஓட்டத்தன்று காலையில் பெரிய ஓட்டங்களில் பொதுவாகத் தரமாட்டார்கள். சென்னை மராத்தான் ஜனவரி முதல் பாதியில், பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அரை மராத்தான் விடிகாலை ஐந்து மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். சனி ராத்திரி ஏறியவர் எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கி முகம் கழுவும்போது மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்வது நல்லது. முடியாதவர்களுக்குச் சனிக்கிழமை காலைப் பல்லவன் ரயில் இருக்கிறது. காரைக்குடியில் விடியுமுன் கிளம்பி நண்பகல் வாக்கில் சென்னை சேரும். ஆனால் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்த காலோடு நேராக எக்ஸ்போவுக்குப் போய், அங்கே கடை கடையாக மூன்று மணி நேரம் நிற்பது மறுநாள் கெண்டைக்காலில் தெரியும். போனோம், பிப் வாங்கினோம், அரை மணியில் வெளியே வந்தோம் என்று இருங்கள். அடையாள அட்டையும் பதிவு உறுதி மின்னஞ்சலும் கையில் வேண்டும். நண்பருக்கும் சேர்த்து வாங்குவதானால் அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டில் தங்குகிறோம். விருந்து வைப்பார்கள். என்ன சாப்பிடலாம்?

இது நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள தனிச் சிக்கல். ஊரிலிருந்து பிள்ளை வந்திருக்கிறது என்றால் நண்டு மசாலாவும் கோழி மிளகு வறுவலும் வெள்ளைப் பணியாரமும் இலையில் வராமல் இருக்காது. போன் செய்து வருவதைச் சொல்லும்போதே சாப்பாட்டையும் சொல்லிவிடுவது மரியாதை. இலை போட்ட பிறகு வேண்டாம் என்றால் ஆச்சி மனம் வருந்துவார்.

சனிக்கிழமை மதியம் நன்றாகச் சாப்பிடலாம். ராத்திரி ஏழு, ஏழரைக்குள் வெள்ளைச் சோறு, இளங்குழம்பு அல்லது ரசம், கொஞ்சம் தயிர். இடியாப்பம் தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அதுவும் சரி. தவிர்க்க வேண்டியவை மூன்று: எண்ணெயில் பொரித்தது, காரம் அதிகமானது, நார்ச்சத்து அதிகமானது. கவுனி அரிசி நல்ல உணவுதான். ஆனால் ஓட்டத்துக்கு முந்தைய ராத்திரி அது குடலில் மெதுவாக நகர்ந்து, மறுநாள் எட்டாவது கிலோமீட்டரில் கழிவறை தேட வைக்கும். சுண்டல், கீரை, பச்சைக் காய்கறியும் அப்படித்தான். ஞாயிறு மதியத்துக்கு எல்லாவற்றையும் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். அப்போது இரண்டு மடங்கு சாப்பிடலாம்.

பிப்பை எப்படிக் குத்துவது?

முந்தைய ராத்திரியே சட்டையை மெத்தையில் விரித்துப் போட்டுக் குத்திவிடுங்கள். காலையில் இருட்டில் நடுங்கும் கையோடு குத்தினால் கோணலாகும், ஊக்கு தொலையும். நான்கு மூலையிலும் நான்கு ஊக்கு. ஒவ்வொரு ஊக்கும் துணிக்குள் போய், பிப் துளையில் வந்து, மறுபடி துணிக்குள் போக வேண்டும். ஒரே குத்தாகக் குத்தினால் வியர்வையில் ஊறிய காகிதம் கிழிந்து ஒரு மூலை தொங்கும்.

பிப்பின் பின்புறம் மெல்லிய பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் சிப். தரையில் போட்டிருக்கும் விரிப்பைத் தாண்டும்போது அது உங்கள் எண்ணைச் சொல்கிறது. அதில் பேட்டரி கிடையாது, விரிப்பிலிருந்து வரும் ரேடியோ அலையில்தான் வேலை செய்யும். அதனால் அதை மடிக்கக்கூடாது. அதன்மேல் மொபைல் பெல்ட்டோ தண்ணீர்ப் பாட்டிலோ வந்தால் அலை மறைபட்டு நேரம் பதிவாகாமல் போகும். முன்பக்கம், மார்புக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். மேலே ஜாக்கெட் போட்டிருந்தால் ஓடுவதற்குமுன் கழற்றுங்கள். பின்புறத்தில் ரத்த வகை, அவசரத் தொடர்பு எண் எழுத இடம் இருக்கும். அதை நிரப்பாமல் வருகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து நிரப்புங்கள். தொடர்பு எண்ணாக உங்களோடு ஓடுகிறவரின் எண்ணைப் போடாதீர்கள், அவர் போன் பையில் பூட்டிக் கிடக்கும்.

எத்தனை மணிக்கு எழுவது?

ஐந்து மணிக்கு ஓட்டம் என்றால் இரண்டே முக்கால். மார்கழியில் விடியுமுன் எழுவது நம் வீடுகளில் புதிதில்லை, ஆனால் இது அதற்கும் முந்தைய நேரம். எழுந்ததும் சாப்பிடுங்கள்: ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித் துண்டில் ஜாம், அல்லது சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. வழக்கமாகக் காபி குடிப்பவர் குடிக்கலாம். வயிறு இளக அது உதவும். ஊரில் நீண்ட ஓட்டத்துக்கு முன் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று சாப்பிட வேண்டாம். எக்ஸ்போவில் வாங்கிய புது ஷூ, புது சாக்ஸ், புது ஜெல் (ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் சர்க்கரைக் குழம்பு) எதற்கும் அன்று வேலை இல்லை. அக்குள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு மார்புக் காம்பு, இந்த இடங்களில் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். கடற்கரை ஈரத்தில் சட்டை தோலோடு ஒட்டி உராய்ந்து ரத்தம் வரும்.

தொடங்கும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பாவது நிற்க வேண்டும். அரை மராத்தான் எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கிய ஆண்டுகளும் உண்டு. நேப்பியர் பாலத்தை ஒட்டித் தொடங்கும் ஆண்டுகளில் அந்தச் சாலைக்குள் வண்டி விடமாட்டார்கள். கடைசி ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் நடைதான். மராத்தானுக்காக மெட்ரோ அதிகாலையிலேயே ஓடிய ஆண்டுகள் உண்டு. அறிவிப்பு வந்திருக்கிறதா என்று சனிக்கிழமை பாருங்கள். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நேப்பியர் பாலத்துக்குச் சுமார் இருபது நிமிட நடை. அதுவே நல்ல வார்ம்-அப்.

தொடங்கும் இடத்தில் எப்படி இருக்கும்?

சத்தம்தான் முதலில். இரண்டு தெரு தள்ளி வரும்போதே மேடையின் ஒலிபெருக்கி நெஞ்சில் இடிக்கும். வெள்ளை விளக்கு வெளிச்சம், ஒரே நிறச் சட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள், வலி நிவாரணி ஸ்பிரேயின் நெடி, வாழைப்பழத் தோல், தரையில் சிந்திய தண்ணீர். மேடையில் ஒருவர் எல்லோரையும் கைதட்டவும் குதிக்கவும் சொல்லிக்கொண்டே இருப்பார். ஜும்பா நடனம் ஆடுவார்கள். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது நிமிடம் சேர்ந்து குதித்தீர்களானால் ஓடத் தேவையான சக்தியில் ஒரு பங்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டீர்கள். பத்து நிமிடம் வேக நடை, கால் வீச்சு, கணுக்கால் சுழற்றல், ஒரு நிமிடம் மெதுவான ஓட்டம், அவ்வளவு போதும்.

கையிலிருக்கும் வேலையை இந்த வரிசையில் முடியுங்கள். முதலில் கழிவறை வரிசை. தற்காலிகக் கழிவறைகளின் முன் கடைசி அரை மணியில் வரிசை ஐம்பது ஆளைத் தாண்டும். ஆகவே வந்தவுடன் நிற்க வேண்டியது அங்கேதான். தங்கிய இடத்திலேயே போய்வந்தாலும் இங்கே இன்னொரு முறை தோன்றும், பதற்றத்தின் வேலை அது. டிஷ்யூ கையோடு வைத்திருங்கள், தண்ணீர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அடுத்தது பை ஒப்படைப்பு. பிப்பில் உள்ள கிழித்தெடுக்கும் துண்டையோ தந்த அட்டையையோ பையின் கைப்பிடியில் கட்டிக் கொடுங்கள். பணம், நகை, வீட்டுச் சாவி அதில் வேண்டாம். பையில் உலர்ந்த சட்டை, துண்டு, செருப்பு மூன்றும் இருந்தால் முடித்த பிறகு உங்களுக்கே உங்கள்மேல் அன்பு வரும்.

அதன் பிறகு உங்கள் பிரிவுக்குள் போய் நிற்க வேண்டும். பிப்பில் பிரிவின் எழுத்தோ நிறமோ இருக்கும், நீங்கள் பதிவில் சொன்ன நேரத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். முன்னால் இடம் இருக்கிறதே என்று வேகமான பிரிவுக்குள் நுழைவது தவறு. பின்னால் வருகிறவர்கள் உங்களை இடித்துத் தாண்டுவார்கள். நீங்களும் அவர்கள் வேகத்துக்கு இழுபடுவீர்கள்.

துப்பாக்கி வெடித்தும் நகரவே முடியவில்லையே, நேரம் போகிறதே?

போகாது. உங்கள் சிப் நேரம் தொடக்கக் கோட்டு விரிப்பை மிதிக்கும்போதுதான் ஆரம்பிக்கும். பின்வரிசையில் இருந்தால் கோட்டை அடையவே ஐந்து, பத்து நிமிடம் ஆகலாம். நடந்தே போங்கள். முடிவுச் சான்றிதழில் வழக்கமாகச் சிப் நேரம், துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணும் துப்பாக்கி நேரம் இரண்டும் இருக்கும். பரிசுக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் துப்பாக்கி நேரம் முக்கியம்.

முதல் மூன்று கிலோமீட்டர் இறக்கை முளைத்த மாதிரி இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். அங்கேதான் அன்றைய ஓட்டம் கெடுகிறது.

கூட்டம், சத்தம், இருட்டு, கடற்காற்று எல்லாம் சேர்ந்து அட்ரினலினை ஏற்றிவிடும். அது ஏறியிருக்கும்போது உழைப்பு உழைப்பாகத் தெரியாது. ஊரில் 7:10-இல் (கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 10 நொடி) ஓடும்போது வரும் மூச்சு இங்கே 6:30-இல்தான் வரும். சுற்றிலும் நூறு பேர் அதே வேகத்தில் போவதால் அது வேகமாகவும் தோன்றாது. பாதை காமராஜர் சாலை வழியாகப் போகும் ஆண்டுகளில், அந்த அகலமான சாலையில் வேகத்தைக் கண்ணால் அளக்க அருகில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் எல்லாம் இருட்டில் தள்ளி நிற்கும். தசைகளோ வேகமாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும், சேமித்த கிளைகோஜன் (தசைகளுக்கான சர்க்கரை எரிபொருள்) வேகமாகத்தான் கரையும்.

கணக்கு இதுதான். 2 மணி 30 நிமிடத்தில் முடிக்க நினைப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 நொடி. அவர் முதல் ஐந்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 30 நொடி வேகமாகப் போனால் கிடைக்கும் லாபம் இரண்டரை நிமிடம். அதனால் கடைசி ஐந்து கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாக 10 நிமிட வேகத்தில் கடக்க நேர்ந்தால் நட்டம் பதினான்கு நிமிடத்துக்கு மேல். மாற்றிச் செய்யுங்கள். முதல் மூன்று கிலோமீட்டர் 7:20-இல் போங்கள். இழப்பது 39 நொடி. அதை அடுத்த பத்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு நான்கு நொடியாகத் திரும்ப எடுத்துவிடலாம்.

எல்லோரும் தாண்டிப் போகிறார்களே என்று தோன்றும். தாண்டட்டும். அவர்களில் கணிசமானவர்களைப் பதினைந்தாவது கிலோமீட்டருக்கு மேல் நீங்கள் தாண்டுவீர்கள். வளைந்து வளைந்து இடைவெளி தேடி முந்துவதும் வேண்டாம். அது தூரத்தைக் கூட்டும், இன்னொருவர் குதிகாலை மிதிக்க வைக்கும். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கடிகாரத்தைவிட அந்த நேரத்தில் நம்பகமான அளவு இதுதான். பதற்றத்தில் இதயத் துடிப்பும் ஊரில் காட்டுவதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

கொடி பிடித்து ஓடுகிறவர் யார்? அவரோடு போகலாமா?

அவர் பேசர். கொடியில் 2:00, 2:15, 2:30 என்று நேரம் இருக்கும், அந்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் சீராக ஓடுவார். 2:00 என்றால் கிலோமீட்டருக்கு 5:41, 2:15 என்றால் 6:24, 3:00 என்றால் 8:32. அவரைச் சுற்றி முப்பது நாற்பது பேர் கொத்தாகப் போவார்கள். தனியாக ஓடிப் பழகியவர்களுக்கு இது பெரிய துணை. வேகக் கணக்கை அவரிடம் விட்டுவிட்டு ஓடலாம். பேச்சு, கிண்டல், கூட்டமாக எண்ணிக்கை சொல்வது எல்லாம் அந்தக் கொத்துக்குள் நடக்கும்.

ஆனால் கொத்துக்குள் நடுவில் ஓடினால் தரை தெரியாது. வேகத்தடை, பள்ளம், சாலையில் பதித்த ஒளிக்கற்கள் காலுக்குக் கீழே வந்த பிறகுதான் தெரியும். பக்கவாட்டில் ஒரு கை தள்ளி ஓடுங்கள். தண்ணீர் மேசையில் கொத்து சிதறும். உடனே ஓடிப்போய்ச் சேர வேண்டாம், அடுத்த ஒரு கிலோமீட்டரில் மெல்லச் சேருங்கள்.

தண்ணீர் மேசையில் ஏன் அவ்வளவு தள்ளுமுள்ளு?

எல்லோரும் முதல் மேசையிலேயே கை நீட்டுவதால். மேசைகள் வரிசையாக நாலைந்து இருக்கும். கடைசி மேசையில் ஆள் இருக்காது, அங்கே எடுங்கள். போவதற்குமுன் பின்னால் வருகிறவருக்குத் தெரிய ஒரு கையை உயர்த்தி, மெல்ல ஓரம் ஒதுங்குங்கள். சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் முதுகில் மோதுவார். காகிதக் கப்பாக இருந்தால் விளிம்பை இரண்டு விரலால் அமுக்கி மூக்கு மாதிரி ஆக்கிக்கொண்டால் ஓடிக்கொண்டே குடிக்கலாம், இல்லாவிட்டால் பாதி மூக்கில் ஏறும். நான்கைந்து எட்டு நடந்து குடிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த இருபது மீட்டரில் தரை நனைந்து, கப்புகள் மிதிபட்டு வழுக்கும். அங்கே காலடியைச் சுருக்குங்கள்.

ஒரு மேசைக்கு 100 முதல் 150 மில்லி போதும். எல்லா மேசையிலும் வயிறு நிறையக் குடிப்பது ஆபத்து. தாகத்தை மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் வரும். இரண்டு மேசைக்கு ஒருமுறை ஓ.ஆர்.எஸ். அல்லது எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பானம் எடுங்கள். ஜெல் எடுப்பவர்கள் 40, 45 நிமிடத்துக்கு ஒன்று, வெறும் தண்ணீரோடு. எலக்ட்ரோலைட்டோடு சேர்த்தால் சர்க்கரை மிகுந்து வயிறு பிடிக்கும். ஜெல் பிடிக்காதவர்களுக்கு விதை நீக்கிய பேரீச்சம்பழம் நல்லது. கடலை மிட்டாய் வேண்டாம். மென்று முடிப்பதற்குள் மூச்சு திணறும்.

மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். உங்களுக்கு முன்பே எழுந்து வந்தவர்கள். நன்றி சொல்லுங்கள். கப்பைத் தொட்டியிலோ, முடியாவிட்டால் ஓரத்திலோ போடுங்கள். நடுச்சாலையில் எறிந்ததையெல்லாம் வெயில் ஏறிய பிறகு துப்புரவுப் பணியாளர்கள் குனிந்து பொறுக்க வேண்டும்.

வழியில் பறை, செண்டை எல்லாம் அடிப்பார்களா?

அடிப்பார்கள். சென்னை ஓட்டத்தின் அழகில் பாதி அதுதான். பாலத்துக்கு அடியிலோ சாலை வளைவிலோ பறைக் குழு நிற்கும்போது, நூறு மீட்டர் முன்பே அதிர்வு தரையில் தெரியும். அடிக்கிறவர்கள் கண்ணைப் பார்த்து அடிப்பார்கள். கிட்டே போகும்போது தோள் தானாக நிமிரும், எட்டு நீளும், காலடி அடியோடு சேர்ந்துகொள்ளும். சட்டென்று வேகம் கூடும். தாண்டி இருநூறு மீட்டர் போனதும் சத்தம் மங்கி, மூச்சு மட்டும் மிஞ்சும்.

முதல் பாதியில் பறை கேட்டால் ரசியுங்கள், கைகாட்டுங்கள், காலடியை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள். பதினாறுக்கு மேல் கேட்டால் முழுதாகக் கொடுங்கள். அப்போது அது உங்களை அடுத்த அரைக் கிலோமீட்டருக்குத் தள்ளிவிடும். கைநீட்டி நிற்கும் குழந்தைகளின் கையைத் தட்டுவதும் அப்படித்தான். தட்டலாம், தட்ட வேண்டும். ஆனால் சாலையின் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே ஓடிப்போய்த் தட்டாதீர்கள்.

நடுவில் வேறு ஓட்டக்காரர்கள் கலந்துவிட்டால்?

முழு மராத்தான், 20 மைல், 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் அதே சாலையைப் பகிர்வார்கள். பிப் நிறம் வேறாக இருக்கும். புதிய காலோடு வரும் 10 கிலோமீட்டர்க்காரர் தாண்டும்போது ரோஷப்பட வேண்டாம், அவருடைய கணக்கு வேறு. பிரிகிற இடங்களில் பலகையைப் பார்த்து உங்கள் தடத்தில் போங்கள். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து வேறு தடத்தில் போனால் தூரம் குறைந்து, இடை விரிப்பில் சிப் பதியாமல், முடிவுப் பட்டியலில் பெயர் வராது. யூ-டர்ன் இருந்தால் அதைத் தாண்டும்போது முன்னணியினர் எதிரே வருவதைப் பார்க்கலாம். ஒரு பெரிய ஓட்டத்தில் முதலில் வருகிறவரையும் கடைசியில் வருகிறவரையும் ஒரே சாலையில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

பதினைந்துக்கு மேல் ஏன் எல்லாம் மாறிவிடுகிறது?

மூன்று காரணம். ஒன்று, வெளிச்சம். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் வரும். இருட்டில் மறைந்திருந்த தூரம் அப்போது கண்ணுக்குத் தெரியும். நேராகக் கிடக்கும் சாலையும் மேலே ஏறும் பாலமும் மனதை அசைக்கும். இரண்டு, ஈரப்பதம். வெப்பம் பெரிதாக இருக்காது. ஆனால் கடற்கரைக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். மூன்று, கூட்டம் சிதறி, பக்கத்தில் இருந்தவர்கள் நடக்க ஆரம்பித்திருப்பார்கள். நடப்பது தொற்றும்.

நம் பக்கத்தவர்களுக்கு இங்கே ஒரு பலம் உண்டு. யாரும் கைதட்டாத சாலையில், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல், ஒரு மணி நேரம் ஓடிப் பழகியவர்கள் நாம். கூட்டம் விட்டுப்போன இடத்தில் ஊர்ச் சாலையை ஓடுகிற மாதிரி ஓடுங்கள். அடுத்த விளக்குக் கம்பம், அடுத்த தண்ணீர் மேசை என்று துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தலையிலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றலாம், ஷூவுக்குள் போகாமல் முன்னால் குனிந்து ஊற்றுங்கள். நனைந்த சாக்ஸ் கொப்புளம் போடும். பாலம் ஏறும்போது காலடியைச் சுருக்கி, மேட்டைப் பார்க்காமல் பத்து மீட்டர் முன்னால் தரையைப் பாருங்கள்.

வருஷாவருஷம் பழனிக்கு நடக்கிறேன். நடந்தே முடிக்கலாமா? வெறுங்காலோடு ஓடலாமா?

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தவருக்கு 21 கிலோமீட்டர் தூரம் பயமில்லை, ஆனால் இங்கே நேரக் கெடு உண்டு. கெடு மூன்றரை மணி என்றால் சராசரி கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். விறுவிறுப்பான நடை பத்தரை, பதினொன்று ஆகும். ஆகவே முழுக்க நடந்தால் கெடு தவறும். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்தால் வசதியாக முடிக்கலாம். நடக்கும்போது இடது ஓரம்.

வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் சென்னையில் உண்டு. அவர்கள் அப்படியே பயிற்சி செய்தவர்கள். யாத்திரையில் வெறுங்காலோடு நடப்பதும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓடுவதும் பாதத்துக்கு ஒன்றல்ல. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்கும்.

பெண்கள் என்ன உடை போடுவது?

ஓட வசதியான எதுவும். டைட்ஸ், சல்வார், முழுக்கைச் சட்டை, சேலை கூட அங்கே பார்க்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் பிரா நன்கு பழகியதாக இருக்கட்டும், அதன் கீழ்ப்பட்டையில் வாசலைன் தடவுங்கள். முடிவிடத்தில் உடை மாற்றக் கூடாரம் இருக்கிறதா என்று எக்ஸ்போவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பச்சியும் ஆச்சியும் பிள்ளைகளும் பார்க்க வருகிறார்கள். எங்கே நிறுத்துவது?

தொடக்கத்தில் வேண்டாம். இருட்டு, நெரிசல், உங்களைக் கண்டுபிடிக்கவே முடியாது. பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில், முடிவிடத்துக்கு முந்தைய நிழலான ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அவர்கள் தேவைப்படும் இடம் அதுதான். சாலையின் எந்தப் பக்கம் என்பதை முந்தைய நாளே முடிவு செய்யுங்கள், ஓட்டம் நடக்கும்போது குறுக்கே கடக்க விடமாட்டார்கள். நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லி, முன்னும் பின்னும் இருபது நிமிடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து தெரியும் ஒரு பொருள், மஞ்சள் துண்டோ சிவப்புக் குடையோ, அவர்கள் கையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலியும் தண்ணீரும் அவசியம். பிள்ளைகளிடம் "இன்னும் கொஞ்சம்தான்" என்று கத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எவ்வளவு மீதம் என்பது ஓடுகிறவருக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

எப்போது நிறுத்தியே ஆக வேண்டும்?

மார்பில் அழுத்தம், இடது தோள் அல்லது தாடைக்கு ஏறும் வலி, தலைசுற்றல், உடம்பு சிலிர்த்துக் குளிர்வது, தள்ளாட்டம், எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் நின்று, அருகில் உள்ள வாலண்டியரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினால் உங்கள் நேரத்தை விட்டுவிட்டு அவரோடு நில்லுங்கள். பிப் எண்ணையும் இடத்தையும் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். முந்தைய வாரம் காய்ச்சல் இருந்தவர்கள் அன்று ஓடவே கூடாது. காய்ச்சலுக்குப் பின் இதயத் தசை சரியாகாமல் இருக்கலாம்.

கோட்டைத் தாண்டியதும் உட்காரலாமா?

உடனே வேண்டாம். ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குக் குறைந்து, மயக்கம் வரும். முடிவிடத்தில் விழுகிறவர்கள் பலர் விழுவது இதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்துகொண்டே இருங்கள். மெடல், தண்ணீர், உணவுப் பை என்று வரிசையே உங்களை நடத்திக் கொண்டுபோகும். தலைசுற்றினால் மல்லாந்து படுத்துக் காலை உயர்த்துங்கள்.

காலை உணவு பெரும்பாலும் பொங்கல், இட்லி, வாழைப்பழம், மோர். அரை மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போகட்டும். நனைந்த சட்டையை மாற்றுங்கள். போட்டோ மேடையில் வரிசை நீளம். குளிர்ந்து கால் இறுகிப் போகுமுன் அங்கே அரை மணி நிற்பது தேவையா என்று பாருங்கள்.

வாட்ச் 21.3 காட்டுகிறது. பாதை அதிகமா?

அரை மராத்தான் 21.0975 கிலோமீட்டர். முறைப்படி அளக்கப்படும் பாதையைச் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால், வளைவுகளின் உள் ஓரத்தை ஒட்டி அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைப்பார்கள். நீங்கள் வளைவில் வெளிப்புறமாக ஓடியது, தண்ணீருக்கு ஒதுங்கியது, ஆட்களைச் சுற்றிப் போனது எல்லாம் சேர்ந்து இருநூறு முந்நூறு மீட்டர் கூடும். ஜி.பி.எஸ். பிழையும் உண்டு. எனவே வாட்ச் 21.1 காட்டியதும் ஓட்டம் முடியும் என்று கடைசி வேகத்தை எடுக்காதீர்கள். கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்து எடுங்கள்.

என் நேரம் முடிவுப் பட்டியலில் இல்லை. அன்றே ஊர் திரும்ப வேண்டும்.

பட்டியல் முதலில் தற்காலிகமாகத்தான் வரும். பிப் எண், வாட்ச் பதிவின் படம், வழியில் எடுத்த போட்டோ இருந்தால் அதுவும் சேர்த்து ஓட்டத்தின் உதவி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். இடை விரிப்புகளில் பதிவு இருந்தால் திருத்தித் தருவார்கள். பிப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

திரும்பும் பல்லவன் பிற்பகலில் கிளம்பும், குளித்துச் சாப்பிட்டுப் பிடிக்க நேரம் இருக்கும். நடைபாதைப் பக்கத்து இருக்கையாக முன்பதிவு செய்யுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து வர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். சூட்கேஸ் மேல் அடுக்கில் இருந்தால், இறக்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். முதலிலேயே காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் இறங்கும்போது ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும், ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவர யாரிடமாவது சொல்லிவையுங்கள். திங்கட்கிழமை மெதுவாக இருபது நிமிடம் நடந்தால் போதும், மறுபடி ஓட்டம் மூன்று நான்கு நாள் கழித்து.